ஆறு கிண்ணம், ஐந்து வாள்: அக்கா-தம்பி சண்டையில் ஒரு ஜோடிக் கார்டு வாசிப்பு

கேட்க வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. கொண்டுவந்த கேள்விகள் இரண்டு. "அம்மா வீட்டுக்கு விடுதலைப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போடணுமா?" என்பது முதலாவது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதைக் கேட்டார்: "போட்டா என் தம்பி பழையபடி வீட்டுக்கு வருவானா?"

முதல் கேள்வி வக்கீலிடம் போக வேண்டியது. அதை அப்போதே சொல்லிவிட்டேன். வீடு அம்மா பெயரில் இருந்தது, அப்பா முன்பே போய்விட்டார், அம்மா உயில் எழுதவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அந்தப் பங்கு போய்விடும். அதைத் திரும்பப் பெறுவது லேசான காரியமில்லை. இவ்வளவு பெரிய முடிவைச் சீட்டைப் பார்த்து எடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு டாரோ கார்டு, அதாவது குறி பார்க்கும் படச்சீட்டு, எடுத்தோம். விழுந்தவை சிக்ஸ் ஆஃப் கப்ஸ் (ஆறு கிண்ணம்), ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் (ஐந்து வாள்). ஒன்று பாசத்தின் கார்டு, மற்றது சண்டையின் கார்டு. இந்த ஜோடியை எப்படிப் படித்தோம், ஏன் அப்படிப் படித்தோம், எங்கே நிறுத்தினேன் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அப்பா சீக்கிரம் இறந்ததால் அம்மா வேலைக்குப் போனார். மூத்தவளான இவர்தான் தம்பியைத் தூக்கி வளர்த்தார். எட்டு ஒன்பது வயது வித்தியாசம். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது, முதல் செமஸ்டர் ஃபீஸுக்குத் தன் தோட்டை அடகு வைத்தது என்று வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது ஒரு தடுமாற்றமும் இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய வரிசை அது.

கல்யாணமாகி இவர் வேறு ஊருக்குப் போனார். தம்பி அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் கடைசி வருடங்களில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதும் கூட இருந்து பார்த்துக்கொண்டதும் தம்பியும் அவர் மனைவியும்தான். இந்தத் தகவல் பேச்சின் நடுவே ஒரே வாக்கியமாக வந்து போனது. தோடு அடகு வைத்த கதைக்குக் கிடைத்த நேரம் டயாலிசிஸுக்குக் கிடைக்கவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அம்மா காரியம் முடிந்து சில மாதத்தில் தம்பி வீட்டை இடித்துக் கட்ட பேங்க் லோனுக்குப் போனார். பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பேங்கில் கேட்டிருக்கிறார்கள். தம்பி நேரில் வந்து பேசவில்லை. விடுதலைப் பத்திரத்தின் டிராஃப்டை ஒரு சித்தப்பா கையில் கொடுத்து அனுப்பினார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஃபோனில் சண்டை. அடுத்து நேரில், சொந்தக்காரர்கள் முன்னால், ஒரு பெரிய சண்டை. அதற்குப் பிறகு அக்கா மகளின் வளைகாப்புக்குத் தாய்மாமன் வரவில்லை. ஜிபே-யில் பணம் மட்டும் வந்தது. அக்கா அதே நிமிடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

வளைகாப்புக்குத் தாய்மாமன் வராமல் போவது நம் குடும்பங்களில் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. "சொத்துக்காக நான் பேசலைங்க. என்கிட்ட கேட்டிருந்தா எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்" என்று அவர் சொன்னதை நான் நம்பினேன்.

ஏன் இரண்டே கார்டு

நான் பயன்படுத்தியது ரைடர்-வெயிட்-ஸ்மித் டெக் என்ற சீட்டுக்கட்டு. 1909-ல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். டாரோ சீட்டுகள் அதற்கு மிக முன்பே, 15-ம் நூற்றாண்டு வட இத்தாலியில், சாதாரணச் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தவை. குறி பார்க்கும் வழக்கம் பரவலானது 18-ம் நூற்றாண்டுப் பிரான்ஸில்தான். அந்தக் காலத்துப் பெரும்பாலான டெக்குகளில் சின்னக் கார்டுகளில், அதாவது கிண்ணம், வாள், கோல், காசு என்ற நான்கு வகைக் கார்டுகளில், கதைப்படம் கிடையாது. ஆறு கிண்ணம் என்றால் ஆறு கிண்ணம் மட்டும் இருக்கும். ஸ்மித் 78 கார்டுகளுக்கும் மனிதர்களையும் காட்சிகளையும் வரைந்ததால்தான் இரண்டு கார்டை ஒன்றோடொன்று பேசவைக்க முடிகிறது.

அவரும் வெயிட்டும் இதைத் தெரிந்தே செய்த இடம் ஒன்று உண்டு. இந்த நான்கு வகையிலும் சேராத பெரிய கார்டுகளில் ஆறாம் எண்ணான லவர்ஸையும் (காதலர்கள்) பதினைந்தாம் எண்ணான டெவிலையும் (சாத்தான்) பக்கத்தில் வையுங்கள். ஒரே அமைப்பு. மேலே சிறகுள்ள ஓர் உருவம், கீழே ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். லவர்ஸில் பெண்ணுக்குப் பின்னால் பழமரம், ஆணுக்குப் பின்னால் தீ எரியும் மரம். டெவிலில் அதே பழம் பெண்ணின் வாலில் திராட்சையாகவும், அதே தீ ஆணின் வாலில் சுடராகவும் வந்து நிற்கின்றன. கழுத்தில் சங்கிலி இருக்கிறது. ஆனால் அதன் வளையம் தலைவழியே கழற்றிவிடும் அளவுக்குத் தளர்வாக இருக்கிறது. 15-ன் இலக்கங்களைக் கூட்டினால் 6. பிணைப்பும் பிடிப்பும் ஒரே ஜோடி மனிதர்களுக்கு நடக்கிற இரண்டு விஷயங்கள் என்பதை அந்த இரண்டு படங்களும் சேர்ந்துதான் சொல்கின்றன. தனியாக எடுத்தால் லவர்ஸ் "காதல்" என்றும் டெவில் "கெட்டது" என்றும் சுருங்கிவிடும்.

உறவுச் சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் இரண்டு கார்டுதான் எடுப்பேன். கெல்டிக் கிராஸ் என்ற முறையில் பத்துக் கார்டு விரித்தால் கேட்பவர் தனக்குப் பிடித்த கார்டுக்கு ஓடி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். இரண்டில் அது முடியாது. இடத்துக்குப் பெயரும் வைப்பதில்லை. "இது நீங்கள், இது அவர்" என்று முன்கூட்டியே இடங்களுக்குப் பெயர் வைத்த ஸ்ப்ரெட் (கார்டு விரிக்கும் முறை) உறவுக் கேள்விக்குப் பெரிய கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. வாசிப்புக்கு வராத ஆளை ஒரு கார்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதன்பின் அந்தக் கார்டைப் பற்றி எது சொன்னாலும் அது வராத அந்த ஆளைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். ரிவர்ஸாக விழுந்தாலும் நேராகத் திருப்பி வைத்துவிடுவேன். ஜோடியின் அர்த்தம் இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும்போது தலைகீழ் என்பது இன்னொரு குழப்பம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்பவர் படத்தைத் தன் வாயால் சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரே குணச்சித்திரக் குறிப்பைக் கொடுத்து, அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று நம்பவைத்தார். "எவ்வளவு பொருத்தம்?" என்று கேட்டபோது 5-க்குச் சராசரி 4.26 மதிப்பெண் வந்தது. பொதுவாக எதைச் சொன்னாலும் மனிதர்கள் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். நான் முதலில் பேசினால் அந்த அக்கா என் சொல்லைத் தன் கதையாக மாற்றிக்கொள்வார். அவர் முதலில் பேசினால் அவருடைய கதையாவது கிடைக்கும்.

அவர் பார்த்தது

சிக்ஸ் ஆஃப் கப்ஸைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது நாங்கதான்" என்றார். ஒரு பழைய வீட்டு முற்றம். பெரிய பிள்ளை குனிந்து, பூ வைத்த கிண்ணம் ஒன்றைச் சின்னப் பிள்ளையிடம் நீட்டுகிறது. படத்தில் பெரியது பையன், சின்னது பெண். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பெரியவள் நான், சின்னவன் அவன், இது எங்கள் வீடு. அவ்வளவுதான்.

ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸில் முன்னால் ஒருவன் மூன்று வாள்களை அள்ளி வைத்துக்கொண்டு, உதட்டோரம் ஏளனச் சிரிப்போடு திரும்பிப் பார்க்கிறான். தரையில் இரண்டு வாள். தூரத்தில் இரண்டு பேர் முதுகைக் காட்டித் தண்ணீரை நோக்கிப் போகிறார்கள். கடைசியில் நிற்பவர் முகத்தைக் கையில் புதைத்திருப்பதுபோல் தெரிகிறது. மேகங்கள் கிழிந்து கிடக்கின்றன.

"இது அவன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு சிரிக்கிறான் பாருங்க. அழுதுட்டுப் போறது நான்."

பெரும்பாலானோர் இப்படித்தான் பிரிப்பார்கள். பூ கொடுக்கும் கை என்னுடையது, வாள் பிடித்த கை அவனுடையது. பாசம் என் பக்கம், சண்டை அவன் பக்கம். கார்டு படிக்கும் ரீடர் இந்த இடத்தில் தலையாட்டிவிட்டால் வந்தவர் நிம்மதியாக எழுந்து போவார். காசும் கொடுப்பார், நாலு பேரிடம் நல்லபடியாகவும் சொல்வார். தம்பியோடு சண்டை மட்டும் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். இப்போது கார்டே தன் பக்கம் பேசிவிட்டதே.

ஜோடிக்குள் என்ன இருக்கிறது

வெயிட்டும் ஸ்மித்தும் கோல்டன் டான் என்ற லண்டன் மறைஞான அமைப்பில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். 1888-ல் தொடங்கிய அமைப்பு அது. பக்கத்துப் பக்கத்தில் விழும் கார்டுகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கப்ஸ் தண்ணீர், ஸ்வார்ட்ஸ் காற்று, வாண்ட்ஸ் (கோல்) நெருப்பு, பென்டக்கிள்ஸ் (காசு) மண். நெருப்பும் தண்ணீரும் பகை, காற்றும் மண்ணும் பகை. பகைக் கார்டுகள் ஒன்றையொன்று பலவீனமாக்கும். தண்ணீருக்கும் காற்றுக்கும் பகை இல்லை.

அதாவது இந்த ஜோடியில் பாசம் சண்டையைத் தணிக்கவில்லை, சண்டை பாசத்தை அழிக்கவும் இல்லை. இரண்டும் முழு பலத்தோடு நிற்கின்றன. இதே சிக்ஸ் ஆஃப் கப்ஸோடு ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் விழுந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அது கூச்சலும் குழப்பமுமான, கொஞ்ச நாளில் ஆறிப்போகிற சண்டை. இது ஆறுகிற வகை இல்லை.

கோல்டன் டான் கணக்கில் இரண்டு முதல் பத்து வரை எண்ணுள்ள ஒவ்வொரு சின்னக் கார்டுக்கும் ஒரு ராசியும் கிரகமும் உண்டு. நம் ஜாதகக் கட்டத்தோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம், அது வேறு முறை. அந்தக் கணக்கில் ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு வருவது கும்பத்தில் சுக்கிரன். தோல்வி என்று தலைப்பிட்ட கார்டுக்கு நேசத்தின் கிரகமான சுக்கிரனைக் கொடுத்திருக்கிறார்கள்! இந்தக் கார்டை வெறும் வஞ்சகம், அவமானம் என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். நேசிக்கிற மனசு குளிர்ந்துபோய், "நானா நீயா பார்த்துவிடலாம்" என்று நிற்கிற நிலை இது. முன்பின் தெரியாதவர்களோடு இந்தச் சண்டை வராது.

இதெல்லாம் பின்னணி அறிவு. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டவை படத்திலேயே இருந்தன.

முதல் படத்தில் ஆறு கிண்ணங்கள். நான்கு முன்னால் தரையில், ஒன்று பின்னால் ஒரு கல்பீடத்தின் மேல், ஒன்று பெரிய பிள்ளை கையில். சின்னப் பிள்ளை கையில் கிண்ணம் எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் பூ இருக்கிறது, எல்லாம் கொடுப்பதற்கு இருக்கிறது. ஆனால் கொடுக்கும் இடத்தில் ஒருவர்தான். சின்னது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாம் படத்தில் ஐந்து வாள்கள். மூன்று ஒருவன் கையில், இரண்டு தரையில். போகிறவர்கள் கையில் ஒன்றும் இல்லை. இங்கேயும் எல்லாம் ஒரே ஆள் வசம்தான். வெயிட் தன் விளக்கத்தில் களம் முழுவதும் இப்போது இவன் வசம் என்கிற மாதிரிதான் எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு. முதல் படத்தில் இடது பக்கம் தூரத்தில் ஈட்டி பிடித்த ஒரு காவலாள் முதுகைக் காட்டி நடந்து போகிறான். சின்னதாக இருப்பதால் பலர் கண்ணில் படாது. இரண்டாம் படத்தில் முதுகைக் காட்டிப் போகிறவர்கள் இரண்டு பேர். இரண்டிலும் யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள். முன்னால் நிற்கிற பெரிய உருவம் தன் வேலையில் மூழ்கியிருக்கிறது. முதல் படத்தில் அந்த வேலை கொடுப்பது, இரண்டாவதில் ஜெயிப்பது.

கேள்வி

நான் கேட்டது இதுதான்: "முதல் படத்துல பெரிய பிள்ளை நீங்கன்னு சொன்னீங்க. அதே ஆள் நடந்து ரெண்டாவது படத்துக்குள்ள போனா எங்க நிப்பாங்க?"

உடனே பதில் வரவில்லை. போகிறவர்கள் பக்கம் விரலைக் கொண்டுபோனார். அப்புறம் எடுத்துவிட்டார். "சொந்தக்காரங்க முன்னாடி சண்டை போட்டீங்களே, அன்னைக்கு என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். தம்பி டிராஃப்டைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்திருக்கிறார். இவர், "நான் தூக்கி வளர்த்த பய நீ, எனக்குப் பத்திரம் அனுப்புறியா?" என்று தொடங்கி, தோடு, ஃபீஸ், காய்ச்சல் ராத்திரி எல்லாவற்றையும் தம்பி மனைவியும் மாமனார் வீட்டாரும் இருக்கும்போது வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தம்பியால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாமே உண்மை. கடைசியில் தம்பி எழுந்து வெளியே போனார். பின்னாலேயே மனைவியும் போனார்.

"ரெண்டு பேர் போனாங்க" என்று அக்காவே சொன்னார். ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான்தான் ஜெயிச்சேன்."

இதை நான் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. படத்துக்குள் அவரே நடந்துபோய்ப் பார்த்ததால்தான் அது நின்றது. ஜோடிக் கார்டு வாசிப்பில் நான் நம்புகிற ஒரே முறை இதுதான். கார்டுகளை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்காமல், கேட்பவரை இரண்டு படத்துக்குள்ளும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு உருவத்தின் இடத்திலும் ஒருமுறை நிற்கட்டும்.

அடுத்ததாக, முதல் படத்தில் சின்னப் பிள்ளையின் இடத்தில் நிற்கச் சொன்னேன். "கையில ஒண்ணுமில்லாம நிக்குது. வாங்கிக்கிட்டே இருக்கு" என்றார். உங்கள் தம்பி உங்கள் வீட்டுக்கு ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். சீர் செய்திருக்கிறார், அதைச் சொன்னார். வேறு? வெகுநேரம் யோசித்துவிட்டு, "அம்மாவைப் பார்த்துக்கிட்டான்" என்றார். பேச்சின் நடுவே ஒரே வாக்கியமாகப் போன அந்த டயாலிசிஸ் இப்போதுதான் மேஜைக்கு வந்தது. அவருடைய வரிசையில் அதற்கு இதுவரை இடமே இருந்ததில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதைத் தன் பங்கு என்று தம்பி எங்கேயாவது சொல்ல நினைத்திருக்கலாம். சொல்ல விடாமல் தோடு வந்து முன்னால் நின்றது.

கோபம் எங்கிருந்து வருகிறது

பிணைப்பைப் பற்றி நிறைய ஆராய்ந்த ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் உளவியல் மருத்துவர், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் விடப்பட்ட சிறு பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மூன்று கட்டங்களைச் சொல்கிறார். முதலில் எதிர்ப்பு, அழுகையும் ஆத்திரமும். பிறகு நம்பிக்கை இழத்தல். கடைசியில் ஒட்டாமல் போய்விடுதல். முதல் கட்டத்தின் ஆத்திரம் உறவை முறிப்பதற்கானது இல்லை. போனவரைத் திரும்பக் கூப்பிடும் முயற்சி அது. பெரியவர்களிடமும் இது தொடர்கிறது என்பது அவர் கருத்து. நான் பார்த்தவரை அது சரி.

அக்காவின் சண்டையை இந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். டிராஃப்ட் சித்தப்பா கையில் வந்தபோது அவருக்குக் கேட்டது "நீ இனி நேரில் வந்து கேட்கத் தேவையில்லாத ஆள்" என்பது. அம்மா போனபின் பிறந்த வீடு என்று அவருக்கு மிச்சமிருந்தது தம்பி ஒருவர்தான். கத்தியது அதனால். தம்பியின் ஜிபே-யையும் அப்படிப் பார்க்கலாம். வரவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்கிற ஒருவரின் பணம் அது. ஆனால் இந்தக் கடைசி வாக்கியத்தை அக்காவிடம் நான் சொல்லவில்லை. தம்பி என் எதிரில் இல்லை. அவர் மனதை நான் யூகிப்பது எழுத்தில் பரவாயில்லை, வாசிப்பு மேஜையில் கூடாது.

இந்த இடத்தில்தான் அவர், "இன்னொரு கார்டு எடுங்க. அவன் மனசுல என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்றார். எடுக்கவில்லை. தெளிவுக்காக மூன்றாவது கார்டு எடுப்பது பல ரீடர்கள் செய்வதுதான். உறவுச் சண்டையில் அது வந்த தெளிவைக் கெடுக்கும். தன் கையில் இருந்த வாளைப் பார்த்த அடுத்த நிமிடமே மறுபடி தம்பியின் முகத்தைப் பார்க்க ஓடுகிறது மனசு. அவன் மனசில் என்ன என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் இருப்பதற்குக் கார்டு ஒரு வழியாகிவிடக் கூடாது.

வேறு மாதிரிப் படித்திருக்கலாமா

இந்த ஜோடியை நண்பர்கள் சிலரிடம் காட்டியபோது ஒருவர், "பழசிலேயே வாழாதே, தோற்றதை விட்டு நட" என்று படித்தார். சிக்ஸ் ஆஃப் கப்ஸைப் பழைய நினைவுகளின் கார்டாக எடுத்தால் அது பொருந்தும். வெயிட்டும் அதைக் கடந்த காலம், குழந்தைப் பருவம் என்றுதான் விளக்குகிறார். ஆனால் உறவை விடலாமா என்று கேட்டு வந்தவருக்கு அது பதிலாகலாம். இந்த அக்கா கேட்டது தம்பி வருவானா என்று. கேள்வியை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் படிப்பது எனக்கு உடன்பாடில்லை.

எண்கள் இடம் மாறி, ஃபைவ் ஆஃப் கப்ஸும் சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸும் விழுந்திருந்தால் உண்மையிலேயே கவலைப்பட்டிருப்பேன். கவிழ்ந்த கிண்ணங்களைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும் கருப்பு அங்கிக்காரர் ஒரு பக்கம், படகில் போர்த்திக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெண்ணும் பிள்ளையும் மறுபக்கம். அதில் சண்டையே இல்லை. பௌல்பியின் மூன்றாவது கட்டம் போல, துக்கமும் விலகலும் மட்டும். இங்கே விழுந்த ஜோடியில் கோபம் இருந்தது. அதனால்தான் பேச இடம் இருந்தது.

அதன் பிறகு

போகும்போது என்ன செய்யட்டும் என்று கேட்டார். இரண்டே விஷயம் சொன்னேன். வக்கீலைப் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். தம்பிக்கு ஃபோன் செய்தால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், அம்மாவின் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் வரிசையை எடுக்காதீர்கள்.

சில வாரம் கழித்து அக்கா பேசினார். ஃபோன் செய்திருக்கிறார். தம்பி முதலில் பிடி கொடுக்கவில்லை. "இப்ப எதுக்கு இது?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். பிறகு சொல்லத் தொடங்கி நிறுத்தவில்லை. விடியற்காலையில் ஆட்டோ கிடைக்காமல் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை நடந்தது, மனைவி தன் வேலையை விட்டது, அக்காவுக்கு மகள் கல்யாண நேரம் என்று அம்மா பல விஷயங்களைச் சொல்ல வேண்டாம் என்றது. இது எதுவும் அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேச்சு முடிவில் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டு விவகாரம் முடியவில்லை. வக்கீலைப் பார்த்தபின் அக்கா முழுப் பங்கையும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். தம்பிக்கு அதில் வருத்தம். ஒரு தொகை பேசி, தவணையாகக் கொடுத்து, அப்புறம் பத்திரம் பதியலாம் என்ற யோசனை ஓடுகிறது. இந்தமுறை டிராஃப்டைத் தம்பியே எடுத்துக்கொண்டு வந்தார். திருத்தம் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார் அக்கா. பாசம் திரும்பினால் சொத்துத் தகராறு தானாகத் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும் பகை இல்லை என்பதன் நடைமுறை அர்த்தம் அதுதான்: இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்மையில் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அக்காவிடம் நம்பர் வாங்கினாராம். தனக்கும் கார்டு பார்க்க வேண்டும் என்றார். ஒரு தகராறில் ஒரு பக்கத்துக்குப் படித்த ரீடர் மறுபக்கத்துக்கும் படித்தால் இருவருடைய கதையையும் அறியாமலே ஒன்றில் இன்னொன்றைக் கலந்துவிடுவார். முடியாது என்று சொல்லி, எனக்குத் தெரிந்த வேறொரு ரீடரின் எண்ணை அனுப்பினேன். என்ன கார்டு விழுந்தது என்று இருவரில் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.